புரோக்கர் யாருடைய ஆள்?
வீடு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்



சேமிப்பு வசூல், கடன் தவணை, தீர்மானம் எல்லாம் முடிந்த பிறகுதான் நம் குழுக் கூட்டத்தில் மனசு விட்டுப் பேசுவோம். அப்படி ஒரு பேச்சில் வரக்கூடிய விஷயம் இது. எல்லோருக்கும் சுலபமாகப் புரிய வேண்டும் என்பதற்காக ஒரு கதையாகச் சொல்கிறோம்.

திருவள்ளூர் பக்கத்துக் கிராமம். குழுவில் மூத்த உறுப்பினர் ஒரு அக்கா. மகனுக்குப் பெரம்பூர் பக்கம் வேலை. தினமும் ரயிலில் போய் வந்து களைத்துப் போகிறான். கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. அரை ஏக்கர் நிலம் விற்ற பணம், மகனுடைய சேமிப்பு, மீதிக்கு பேங்க் லோன் என்று கணக்குப் போட்டு, பெரம்பூரில் 30 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறார்கள்.

"புரோக்கர் தம்பி ரொம்ப நல்ல மாதிரி. அம்மா அம்மான்னுதான் கூப்பிடுறாரு. நாளைக்கே 2 லட்சம் டோக்கன் கொடுக்கணுமாம், இல்லேன்னா வேற பார்ட்டிக்குப் போயிடுமாம். குழுவுல அவசரக் கடன் கிடைக்குமா?" என்று அக்கா கேட்டார்.

கணக்கு எழுதும் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அது சரிக்கா, அந்த புரோக்கர் யாரோட ஆளு? உங்க ஆளா, வீடு விக்கிறவங்க ஆளா?"

அக்காவிடம் பதில் இல்லை. அங்கே இருந்த யாரிடமும் பதில் இல்லை. வீடு வாங்கப் போகும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

புரோக்கர் ஏன் தேவைப்படுகிறார்?

பெரம்பூர் உழைப்பாளிகளின் ஊர். 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வேயின் லோகோ, கேரேஜ் பட்டறைகள், ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த பின்னி மில் என்று பல தலைமுறைகள் இங்கே பிழைக்க வந்து குடியேறின. தாத்தா கட்டிய வீட்டில் இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கும். இது ஒரு வகை வீடு. மூடிப்போன மில் நிலத்தில் உயரமான அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன. மாதவரத்திலிருந்து மூலக்கடை, செம்பியம், பெரம்பூர், அயனாவரம் வழியாக மெட்ரோ ரயில் பாதையும் போடுகிறார்கள். "மெட்ரோ வருது" என்று சொல்லி விற்கப்படும் புது ஃபிளாட் இன்னொரு வகை.

கிராமத்திலிருந்து போகும் நமக்கு எந்தத் தெருவில் வீடு விலைக்கு இருக்கிறது, எங்கே மழைத் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் அண்ணன் தம்பி சண்டை என்று தெரியாது. புரோக்கருக்குத் தெரியும். அதற்காகத்தான் அவருக்குக் கமிஷன். ஆகவே புரோக்கர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டாம். நல்ல புரோக்கர் நம் கண் மாதிரி. ஆனால் அந்தக் கண் நமக்காகப் பார்க்கிறதா என்று தெரிய வேண்டும்.

ஒரு ஆள், இரண்டு பக்கம்

நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரே புரோக்கர் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குவார், விற்பவரிடமும் வாங்குவார். 1 சதவீதம், 2 சதவீதம் என்று பேசிக்கொள்வது வழக்கம். 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். இரண்டு பக்கமும் வாங்குவது குற்றம் ஆகாது. ஆனால் மறைத்து வாங்குவதுதான் தவறு.

யோசித்துப் பாருங்கள். நாம் விலை குறைய வேண்டும் என்கிறோம். விற்பவர் விலை ஏற வேண்டும் என்கிறார். நடுவில் நிற்பவருக்கோ விலை ஏறினால் கமிஷனும் ஏறும், சீக்கிரம் முடிந்தால் பணமும் சீக்கிரம் வரும். அவர் கெட்டவர் என்று அர்த்தம் இல்லை. அவருடைய லாபம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாம் தெரிந்துகொண்டால் போதும்.

இதைப்பற்றி சட்டம் பேசி 150 வருஷம் ஆகிவிட்டது. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவருக்காக வேலை செய்யும் முகவர், அவருக்குத் தெரியாமல் அதே காரியத்தில் தனக்கென்று தனி வியாபாரம் செய்யக் கூடாது. சட்டமே உதாரணமும் தருகிறது. ஒரு குறிப்பிட்ட வீட்டை வாங்கித் தரச் சொல்லி ஒருவர் முகவரை அனுப்புகிறார். முகவர் "அது கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, தானே வாங்கிக்கொள்கிறார். உண்மை தெரியவந்தால், அவர் வாங்கிய அதே விலைக்கு அந்த வீட்டைத் தனக்கே கொடுக்கும்படி அனுப்பியவர் கட்டாயப்படுத்தலாம். விசுவாசம் என்பது வெறும் நல்ல குணம் இல்லை, சட்டப்படியான கடமை என்பதற்கு இதுவே சாட்சி.

வெளிநாட்டிலும் இதே பிரச்சினைதான். அமெரிக்காவில் நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு ஒரு விதி வந்தது. அங்குள்ள பெரிய ஏஜெண்டுகள் சங்கத்தின் பட்டியல் வழியாக வேலை செய்யும் ஏஜெண்ட், வாங்குபவரை வீடு பார்க்க அழைத்துப் போகும் முன்பே, தன் கூலி எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே வாய்ப்பேச்சு போதாது என்றால், நாம் எழுதிக் கேட்பதில் என்ன வெட்கம்?

ஐந்து கேள்விகள்

புரோக்கரிடம் சண்டை போட வேண்டாம். மரியாதையாக, சிரித்த முகத்தோடு இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. "தம்பி, இந்த வீட்டு விஷயத்துல நீங்க யாருக்காகப் பேசுறீங்க?"
"ரெண்டு பேருக்கும்தாம்மா" என்று ஒளிக்காமல் சொன்னால் அது நல்ல அடையாளம். அப்போது விலை பேசும் வேலையை அவரிடம் விடாதீர்கள், நீங்களே பேசுங்கள். உங்களால் எவ்வளவு வரைக்கும் போக முடியும் என்பதை அவரிடம் சொல்லாதீர்கள்.

2. "உங்க கமிஷன் எவ்வளவு? எப்போ தரணும்?"
சதவீதம் என்று மட்டும் விடாமல் ரூபாயில் கேளுங்கள். பத்திரப் பதிவு முடிந்த அன்று தருவதாகப் பேசுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸ் அன்றே முழுக் கமிஷனும் போய்விட்டால், பத்திரத்தில் சிக்கல் வந்தால் அவருக்கு என்ன அவசரம் இருக்கும்?

3. "வீட்டுக்காரரை நேர்ல எப்போ பார்க்கலாம்?"
"அவர் வெளியூர்ல இருக்காரு, எல்லாம் என் பொறுப்பு" என்றால் நிதானிக்கவும். பவர் பத்திரம் வைத்திருக்கிறேன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பவர் பத்திரத்தை மட்டும் வைத்து வீடு கைமாறியதாக ஆகாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் உரிமை தரும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுவாக, பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் செல்லாது. எனவே பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று கண்டிப்பாக விசாரிக்கவும்.

4. "இந்த வீட்டுல என்ன குறை?"
இதுதான் சோதனைக் கேள்வி. குறையே இல்லாத வீடு உண்டா? "மழைக்கு வாசல்ல தண்ணி நிக்கும்மா, வண்டி நிறுத்த இடம் இல்லை" என்று சொல்கிறவர் நமக்காகவும் யோசிக்கிறார். "சூப்பர் வீடும்மா, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று சொன்னால் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. "பத்திர நகல் எல்லாம் கொடுங்க, வக்கீல்கிட்ட காட்டணும்."
கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, ஃபிளாட்டாக இருந்தால் நமக்கு வரும் பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்ற விவரம், இவை எல்லாம் வேண்டும். வக்கீல் நாம் தேடிப் பிடித்தவராக இருக்கட்டும். புரோக்கர் அழைத்து வருபவர் வேண்டாம். பேங்க் வக்கீல் பார்த்தார் என்பதும் நமக்குப் போதாது, அவர் பேங்க் பணத்துக்காகப் பார்க்கிறார்.

வில்லங்கச் சான்று சொல்லாத விஷயம்

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். தெரியாவிட்டால் பிள்ளைகளிடமோ இ-சேவை மையத்திலோ கேட்டுப் பார்க்கவும். குறைந்தது 30 வருஷத்துக்குப் பார்ப்பது நல்லது. அந்த வீடு எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வருகிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஆனால் ஒரு விஷயம். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். வாரிசுகள் எத்தனை பேர் என்று அதில் வராது. பெரம்பூர் மாதிரி பழைய ஊரில் இதுதான் பெரிய சிக்கல். தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டிய அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாயார், எல்லோருக்கும் சம பங்கு. மற்ற மதத்தவருக்கு அவரவர் வாரிசுச் சட்டம் உண்டு. அதிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு.

"தங்கச்சிங்க எல்லாம் கட்டிக் கொடுத்துப் போயிட்டாங்க, அவங்க கையெழுத்து வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டிக் கொடுத்தாலும் மகள் மகள்தான். பங்கும் பங்குதான். இன்று கையெழுத்து விட்டுப்போனால், நாளை அந்தத் தங்கை கோர்ட்டுக்குப் போவார். அவர் பக்கம் நியாயம் இருக்கும். நாமும் பெண்கள்தானே, இன்னொரு பெண்ணின் பங்கை விழுங்கிய வீட்டில் விளக்கேற்ற வேண்டுமா?

டோக்கன் கொடுக்கும்போது

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள" என்ற அவசரத்துக்கு மயங்கக் கூடாது. பத்திரம் பார்க்காமல் டோக்கன் கொடுக்க வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சிறு தொகையாக, வீட்டுக்காரர் பெயருக்கே, பேங்க் வழியாகக் கொடுங்கள். "பத்திரம் சரியில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். வீடு, மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லாவிட்டால் அது கிணற்றில் போட்ட கல்தான்.

அடுத்த கட்டம் விற்பனை ஒப்பந்தம். விலை, முன்பணம், எத்தனை மாதத்தில் கிரயம் என்று எழுதி, தமிழ்நாட்டில் அதைப் பதிவும் செய்ய வேண்டும். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி பெட்டியில் பூட்டி வைத்தால் போதாது.

இன்னொன்று. குழுக் கடனை எடுத்து டோக்கன் கொடுக்காதீர்கள். வீடு கை நழுவிப் போனாலும் தவணை நிற்காது.

பத்திரச் செலவையும் முன்பே கணக்கில் எடுங்கள். மறுவிற்பனை வீட்டுக்குத் தற்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. ஊரில் சிறு மனை வாங்கும் சகோதரிகள் இதை மறக்காமல் கேட்டுப் பெறவும்.

புது ஃபிளாட் என்றால்

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வாங்குகிறவர்களுக்கு 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. "ரெரா" என்பார்கள். 2017 மே மாதத்திலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டப்படி:

* மனையின் அளவு 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது வீடுகள் 8-க்கு மேல் இருந்தால், திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்த பிறகுதான் விற்கலாம்.
* அந்த வீடுகளை விற்றுத் தரும் ஏஜெண்டும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். வீட்டு விலையில் 5 சதவீதம் வரை போகலாம்.
* புக் செய்யும்போது வாங்குபவருக்குச் சேர வேண்டிய எல்லா விவரமும் பத்திரங்களும் கிடைக்கச் செய்வது ஏஜெண்டின் கடமை. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது.
* பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமானக்காரர் வாங்கக் கூடாது.

ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். ஆனால் நம் கதையில் வரும் அக்கா மாதிரி, தனி நபரிடம் பழைய வீடு வாங்கும்போது இந்தச் சட்டம் பொதுவாகத் துணைக்கு வராது. அங்கே நம் கேள்வியும் நம் எழுத்தும்தான் பாதுகாப்பு.

நம் பக்கமும் நேர்மை வேண்டும்

விசுவாசம் ஒரு கை ஓசை இல்லை. புரோக்கர் வெயிலில் அலைந்து பத்து வீடு காட்டுவார். கடைசியில் வீட்டுக்காரர் நம் காதில் சொல்வார்: "அவரை விட்டுடுங்கம்மா, நேரா வாங்க, கமிஷன் மிச்சம்." அப்படிச் செய்யக் கூடாது. உழைத்தவர் கூலியை அடிப்பது பாவம். அதோடு, இன்று புரோக்கரை ஏமாற்றச் சொல்லும் வீட்டுக்காரர் நாளை நம்மையும் ஏமாற்ற மாட்டார் என்று என்ன நிச்சயம்?

அதே வீட்டை நான்கு புரோக்கரிடம் பார்த்து, யார் கமிஷன் குறைப்பார் என்று ஏலம் விடுவதும் நல்லதில்லை. முதலில் காட்டியவர் யார் என்று நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பேசிய கமிஷனைப் பேசிய நாளில் கொடுங்கள், பேங்க் வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நேர்மையானவருக்கு நம் வாயால் நாலு பேரை அனுப்பி வையுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய கமிஷன் இல்லை.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள். போலிப் பத்திரம், பண மோசடி என்றால் போலீசில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பதிவு செய்த திட்டம் அல்லது பதிவு செய்த ஏஜெண்ட் என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். ரசீது, குறுஞ்செய்தி, பேங்க் பாஸ்புக் பதிவு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அக்கா கதை என்ன ஆச்சு?

அன்று குழுவில் அவசரக் கடன் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் இரண்டு உறுப்பினர்கள் அக்காவோடு பெரம்பூருக்கு ரயிலேறினார்கள். ஐந்து கேள்வியும் கேட்டார்கள். புரோக்கர் தம்பி கொஞ்சம் யோசித்தார்.

"அம்மா, என்கிட்ட இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நான் ரெண்டு பக்கமும்தான் கமிஷன் வாங்குறேன். வாரிசு விஷயம் எனக்கும் முழுசாத் தெரியாது. ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்றார்.

இரண்டாம் நாள் போன் வந்தது. "டோக்கன் கொடுக்காதீங்கம்மா. அவங்களுக்கு ஒரு தங்கச்சி சேலத்துல இருக்காங்களாம். அவங்களுக்கு விக்கிற விஷயமே தெரியாதாம்."

அந்த வீடு கைவிட்டுப் போனது. நான்கு மாதம் கழித்து அதே தம்பி வேறு வீடு காட்டினார். இந்த முறை பத்திர நகல்கள் முதல் நாளே கைக்கு வந்தன. பதிவு முடிந்த அன்று, பேசிய கமிஷனை அக்கா மகன் அங்கேயே அவர் கணக்குக்கு அனுப்பினான். ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

சகோதரிகளே, நம் குழுவில் பத்து, இருபது வருஷம் கூடவே இருப்பவர்களிடம்கூட நாம் கையெழுத்து வாங்குகிறோம், தீர்மான நோட்டில் எழுதுகிறோம், மாதாமாதம் கணக்கு படிக்கிறோம். அதனால் நமக்குள் நம்பிக்கை குறைந்துவிட்டதா? இல்லையே! எழுதி வைத்ததால்தான் நம்பிக்கை வளர்ந்தது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை வீட்டில் போடும்போதும் அதே பழக்கம் இருக்கட்டும். கேள்வி கேட்டால் நல்ல புரோக்கர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அப்போதே நமக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஊக்குநர்கள் இந்தக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டவும். வீடோ மனையோ வாங்க நினைக்கும் உறுப்பினர் இருந்தால், ஐந்து கேள்விகளையும் அவர் நோட்டில் எழுதிக் கொடுக்கவும். முதல் முறை போகும்போது அவரைத் தனியாக அனுப்பாமல், குழுவிலிருந்து இரண்டு பேர் துணைக்குப் போகவும்.